எல்லோரும் ஜெடாய் ஆன கதை

2005 நவம்பரில் 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' என்ற இணைய விளையாட்டைத் தலைகீழாக மாற்றினார்கள். முப்பதுக்கும் மேல் இருந்த தொழில்கள் ஒன்பதாகச் சுருங்கின. மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களுக்கே வாய்த்த ஜெடாய் (ஸ்டார் வார்ஸ் கதையின் மாய சக்தி வீரர்) வேடம், அன்று கணக்குத் தொடங்கிய எவருக்கும் முதல் திரையிலேயே கிடைத்தது. புது ஆட்களை இழுப்பதுதான் விளையாட்டை நடத்திய சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட் போட்ட கணக்கு. அவர்கள் நினைத்த அளவுக்கு வரவில்லை. பழையவர்களோ கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். 2011 டிசம்பரில் கடையையே மூடிவிட்டார்கள்.

ஆன்லைன் ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும்) விளையாட்டுகளில் புதியவருக்குச் சலுகை தரும் பேச்சு எழுந்தாலே, அனுபவசாலிகள் உழைத்துப் பெற்றதை ஓசியில் கொடுக்கலாமா என்று கொதிப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கதை கைவசம் இருக்கும் ஆயுதம். ஆனால், அந்த உழைப்பு என்ன லட்சணத்தில் இருந்தது என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

2003 ஜூனில் விளையாட்டு வெளிவந்தபோது, ஜெடாய் ஆவது எப்படி என்பது பரம ரகசியம். பேரரசு ஜெடாய்களை வேட்டையாடி முடித்த காலத்தில் நடக்கும் கதை என்பதால், அவர்கள் அபூர்வமாக இருப்பதே பொருத்தம். பிறகு ஹோலோக்ரான் என்றொரு பொருள் கிடைத்தது. நீங்கள் கரைகண்டாக வேண்டிய தொழில்களில் ஒன்றை அது சொல்லும். வைத்தியராக ரசித்து ஆடிக்கொண்டிருந்தவர் அந்தத் திறன்களை உதறிவிட்டு நடனம் பழகப் போனார்; துப்பாக்கி வீரர் தையலுக்கு உட்கார்ந்தார். பிடிக்காத தொழிலை யார் பொறுமையாகக் கற்பது? ஆளில்லாமலே தானாக ஆடவைக்கும் மேக்ரோவை ஓடவிட்டுத் தூங்கப் போனார்கள். மதுக்கூடங்களில் வரிசையாக ஆடிக்கொண்டிருந்த நடனக்காரர்கள் பலருக்குப் பின்னால் ஆளே கிடையாது. பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. மின்கட்டணம் ஏறியதைத் தவிர அங்கே என்ன உழைப்பு?

எனவே 'எத்தனை மணி நேரம்' என்பதை நான் உழைப்பின் அளவுகோலாக ஏற்கமாட்டேன். நன்றாக ஆடிப் பழகியவரிடம் லெவலைத் தவிர வேறொன்றும் சேர்ந்திருக்கும்: குகையில் எந்தத் திருப்பத்தில் எது பாயும், குழுவைக் குணப்படுத்தும் ஹீலரின் மனா (மந்திர சக்தி) தீருமுன் எப்போது நிற்க வேண்டும் என்ற அறிவு, கில்டில், அதாவது ஆட்டக்காரர் சங்கத்தில், அவர் பெயருக்கு உள்ள மரியாதை. ஒருவரை நேரே உயர்ந்த லெவலுக்குத் தூக்கிவிடும் எந்தப் பூஸ்ட்டாலும் இவற்றைக் கொடுக்க முடியாது, பறிக்கவும் முடியாது.

அப்படியானால் பூஸ்ட் எதற்கு வந்தது? 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 2004-இல் தொடங்கியபோது உச்சம் 60-ஆவது லெவல். எக்ஸ்பான்ஷன் எனப்படும் விரிவாக்கத் தொகுப்பு ஒவ்வொன்றிலும் அது ஏறி, 2014 இறுதியில் 100 ஆனது. நண்பர்கள் அழைத்துப் புதிதாகச் சேர்ந்தவர், அவர்கள் எப்போதோ காலிசெய்துவிட்டுப் போன ஊர்களைத் தனியாகக் கடந்தாக வேண்டும். நேரே 90-க்குத் தூக்கிவிட, விளையாட்டை நடத்தும் பிளிஸார்ட் நிறுவனம் அந்த ஆண்டு வாங்கிய விலை 60 டாலர். இலவச பூஸ்ட்டோடு வந்த அந்த எக்ஸ்பான்ஷனின் விலையோ 50 டாலர்தான்! பாதையை நீட்டியதும் நிறுவனம், அதைத் தாண்டக் காசு வாங்கியதும் நிறுவனம். பாதை சுவாரஸ்யமானால் பூஸ்ட் விற்காது. அதைச் சீர்செய்ய யாருக்கு அவசரம்? 2020-இல் உச்ச லெவலை 120-லிருந்து மீண்டும் 60-க்கு இறக்கினார்கள். பாதை மிதமிஞ்சி நீண்டுவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

'ஃபைனல் ஃபேண்டஸி 14' காட்டும் வழி மேலானது. அனுபவசாலி பழைய டஞ்சனுக்குள் (குழுவாகக் கடக்கும் நிலவறைக்குள்) நுழைந்தால் அவருடைய பலம் அந்த இடத்துக்கேற்பக் குறைக்கப்படும். குழுவில் முதல்முறை வருபவர் இருந்தால் எல்லோருக்கும் கூடுதல் பரிசு. புதியவர் தொல்லையாக இல்லாமல் வரவேற்கப்படும் விருந்தாளி ஆகிறார். அதை நடத்துபவர்களும் 2017 முதல் குறுக்குவழியை விற்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

புதியவருக்குத் துணையும் நல்ல தொடக்கமும் தாராளமாகக் கொடுக்கட்டும். லெவலை விலைக்கு விற்பதைத்தான் நிறுத்த வேண்டும். நீங்கள் புதிதாகச் சேரப்போகிறவர் என்றால், கடைப் பக்கம் போகாமல் முதல் லெவல்களை ஆடிப் பாருங்கள். வார்கிராஃப்டில் 20 வரை இலவசம். அதற்குள் சலித்துவிட்டால் பூஸ்ட் வாங்காதீர்கள், வேறு விளையாட்டுக்குப் போய்விடுங்கள்.