தூணையும் கொஞ்சம் பாருங்கள்!

ஆடித் தபசு நாளில் சங்கரன்கோவிலில் கூடும் கூட்டத்தைச் சொல்லி முடியாது. அரியும் அரனும் ஒன்றே என்று காட்ட, கோமதி அம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி தந்த தலம் அல்லவா? புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றி வரும் பக்தர், களைத்துப் போனால் ஒரு கல்தூணில் சாய்ந்து உட்காருகிறார். தம் முதுகைத் தாங்கும் அந்தத் தூணை என்றைக்காவது அவர் ஏறிட்டுப் பார்த்ததுண்டா?

நம் கோயில்களில் ஏன் இத்தனை தூண்கள்? மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் மட்டும் 985 தூண்கள் இருக்கின்றன. இது வெறும் ஆடம்பரம் அன்று. கல் எவ்வளவு பாரத்தையும் சுமக்கும். ஆனால் வளைவைத் தாங்காது. நீளமான கல் உத்தரத்தை இரு முனைகளில் மட்டும் தாங்கி வைத்தால் நடுவில் விரிசல் கண்டுவிடும். ஆகவே தூண்களை நெருக்கமாக நிறுத்த வேண்டியதாயிற்று. தூணின் தலையில் இரு புறமும் நீண்டிருக்கும் போதிகையும் உத்தரத்துக்குக் கை கொடுக்கவே ஏற்பட்டது. பிற்காலத்துச் சிற்பி அதிலேயே வாழைப்பூ மொட்டைத் தொங்கவிட்டு அழகு செய்தான்.

கிரேக்க நாட்டின் பார்த்தினான் கோயிலிலும் இதே நியாயந்தான். அங்கே சலவைக்கல்லை உருளை உருளையாக வெட்டி அடுக்கித் தூணாக்கினார்கள். நம்மவர்களோ பெரும்பாலும் ஒரே கருங்கல்லில் தூணைக் கடைந்து நிறுத்தினார்கள்.

ஆதியில் நம் கோயில்களுக்கு மரமும் செங்கல்லுமே துணை. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் குன்றைக் குடைந்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததைக் கல்வெட்டிலே பெருமையுடன் பொறித்து வைத்தான். மேலும் கீழும் சதுரம், நடுவே எட்டுப்பட்டை. அவ்வளவுதான் அவன் காலத்துத் தூண். பதினாறாம் நூற்றாண்டில் நாயக்கர் எடுத்த கிருஷ்ணாபுரம் கோயிலில் அதே தூணிலிருந்து ஆளுயரச் சிற்பங்கள் புறப்பட்டு வந்து நிற்கின்றன. நெல்லையப்பர் கோயில் தூணோ தட்டினால் இசைக்கிறது! 1636-ல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் பிரம்மாண்டமான தூண்களுக்குச் சுதைப் பூச்சு. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கு தூணாயிற்று.

இன்று சிமெண்டும் கம்பியும் வந்துவிட்டன. இங்கிலாந்தில் 1824-ல் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்ட், வீடு கட்டுவதை எளிதாக்கியது உண்மை. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் உள்ளே ஈரம் புகுந்தால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், தூண் வெடிக்கும். பல நூறு ஆண்டு நின்ற கல்தூணுக்கு அந்தப் பயம் இல்லை.

அதற்கு வேறு பயம் உண்டு. அது நம்மால் வருவது. திருப்பணி என்ற பெயரில் சில ஊர்களில் அழுத்தக் காற்றால் மணலை வீசித் தூணைச் சுத்தம் செய்தார்கள். அழுக்கோடு உளியின் நுட்பமும் கல்வெட்டின் எழுத்தும் போயின. சில இடங்களில் எண்ணெய் வர்ணம் பூசுகிறார்கள். விளக்குக் கம்பிக்காக ஆணி அடிக்கிறார்கள். நாமும் சும்மா இல்லை; கையிலுள்ள நெய்யையும் குங்குமத்தையும் தூண் சிற்பத்தின்மேல் துடைத்துவிட்டுப் போகிறோம்.

இதற்குப் பரிகாரம் பெரிய செலவு அன்று. திருப்பணி தொடங்குமுன் ஒவ்வொரு தூணுக்கும் எண் கொடுத்துப் படம் எடுக்கட்டும். கல்வெட்டுகளைப் படி எடுத்து வைக்கட்டும். தண்ணீரும் மெல்லிய தூரிகையும் கொண்டு பக்குவமாகக் கழுவட்டும். பழுது பார்க்கும் வேலையில் கல்லை அறிந்த ஸ்தபதியின் சொல்லுக்கு, ஒப்பந்தக்காரரின் அவசரத்தைவிட மதிப்பு இருக்கட்டும். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு நாள் அழைத்து வந்து காட்டினால், நாளைக்குக் காவலர்களாக அவர்களே இருப்பார்கள்.

தூணிலும் இருக்கிறான் என்று சொன்ன பிரகலாதன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படியானால், தூணைக் காப்பதும் வழிபாடுதானே?