முகவரி அறிந்த மருந்தும் முகம் சுளிக்கும் நாமும்

மலேசிய ஆண்களிடையே முதலிடம் வகிக்கும் புற்றுநோய் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயே என்கிறது 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவறிக்கை. நோயாளிகளில் பத்தில் ஏழு பேருக்கு மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் நோய் கண்டறியப்படுகிறது என்பது அதைவிட வேதனைக்குரியது.

இந்நோயை எதிர்க்க அறிவியல் உலகம் கையிலெடுத்திருக்கும் கருவிகளுள் ஒன்று பெப்டைடு. அமினோ அமிலங்கள் சில கோக்கப்பட்ட குட்டிச் சங்கிலி அது. புரதத்தின் தம்பி எனலாம். வழக்கமான கீமோதெரபி மருந்து நல்ல அணுக்களையும் சேர்த்தே தாக்கும். பெப்டைடோ, முகவரி எழுதிய கடிதம்போல் புற்றணுவின் மேற்பரப்பைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்ளும். கோடிக்கணக்கான பெப்டைடுகளிலிருந்து பொருத்தமானதைப் பொறுக்கியெடுக்கும் வழியை 1985-இல் ஜார்ஜ் ஸ்மித் கண்டார். வைரஸ்களின் மேலுறையில் பெப்டைடுகளை ஏற்றி, அணுக்களோடு கலந்து, ஒட்டாதவற்றைக் கழுவி நீக்கும் முறை அது. 2018-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஏழே அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடில் ஒளிரும் சாயத்தை இணைத்து, குடலில் புற்றாக மாறக்கூடிய திசுக்களை அமெரிக்க ஆய்வாளர்கள் அடையாளம் கண்டதை 2008-இல் 'நேச்சர் மெடிசின்' வெளியிட்டது.

குறைகளும் உண்டு. இரத்தத்திலுள்ள நொதிகள் பெப்டைடை விரைவில் சிதைத்துவிடும், சிறுநீரகமும் வெளியேற்றிவிடும். ஆய்வுகள் தொடர்கின்றன.

ஆனால், எவ்வளவு கெட்டிக்கார மருந்து வந்தாலும் நோயாளி நேரத்தோடு வரவேண்டுமே! எங்கள் பாக்கார் ஆராங்கிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் மலத்தில் இரத்தம் கண்டால், "மூலம்தான், சூடு" என்று சொல்லி மோர் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். வெட்கம் வாயை அடைத்துவிடுகிறது.

50 முதல் 75 வயது வரையிலானோர் அறிகுறி ஏதுமின்றியே அரசாங்க சுகாதார கிளினிக்கில் மலப் பரிசோதனை செய்துகொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தையும் அது காட்டிக் கொடுக்கும். இரத்தம் கண்ணில் பட்டாலோ, எந்த வயதானாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாயிலும் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலும் அறிவியல் கற்ற நமக்கு ஒரு கடமை உண்டு. கற்றதை அப்பாவுக்கும் பாட்டிக்கும் புரியும் தமிழில் சொல்வதே அது. தமிழில் அறிவியல் பேச முடியுமா என்று மேடையில் வாதிட்டது போதும். இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, "கிளினிக்கில் பரிசோதனை செய்தீர்களா?" என்று கேட்போம். புற்றணுவின் முகவரியைப் பெப்டைடு தேடட்டும். கிளினிக்கின் முகவரியை நாம் காட்டுவோம்.