ரெண்டு கார்டு ஒரு ரூபாய்!

ஒரு ரூபாய்க்கு இன்னிக்கு என்ன பாஸ் கிடைக்கும்? மளிகைக் கடையில் மீதிச் சில்லறைக்குப் பதிலா ஒரு மிட்டாயைக் கையில் திணிப்பாங்களே... அது! ஆனா, அதே ஒரு ரூபாயோட தபால் ஆபீஸ் கவுன்டர்ல நின்னா ரெண்டு போஸ்ட்கார்டு தருவாங்க. ஒண்ணு ஐம்பது பைசா. ஐம்பது பைசா நாணயம் இன்னும் செல்லும்னு ரிசர்வ் வங்கி சொல்லுது. எந்தக் கடைக்காரரும் நம்ப மாட்டேங்கிறார். அதனால ரெண்டு ரெண்டாத்தான் வாங்கணும்.

நான் வாங்கினது இருபது. பத்து ரூபாய்க்கு! 'எதுக்கும்மா இத்தனை? ஏதாவது போட்டியா?'ன்னு கவுன்டர் அக்கா கேட்டாங்க. 'இல்லக்கா, சண்டை'ன்னேன்.

கதை இதுதான். சிவகாசியில் ப்ளஸ் டூ வரைக்கும் எனக்கு பெஞ்ச் மேட் ஒருத்தி. 'பேர் போட்டே... கொன்னுடுவேன்'னு கண்டிஷன். ஸ்கூல்ல எல்லாரும் கூப்பிட்ட மாதிரி 'வாத்து'ன்னே வெச்சுக்குவோம். கெமிஸ்ட்ரி ரெக்கார்டுல பிப்பெட், ப்யூரெட் எல்லாத்துக்கும் கண்ணு மூக்கு வரைஞ்சு திட்டு வாங்கினவ. கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் சேரணும்ங்கிறதுதான் அவ கனவு. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி அவங்க அப்பா இறந்துட்டார். நோட்டு பைண்டிங் பண்ற சின்னப் பட்டறையை அம்மாவும் அவளுமா எடுத்து நடத்த ஆரம்பிச்சாங்க. நான் பெட்டியைக் கட்டிக்கிட்டு கோயம்புத்தூருக்கு இன்ஜினீயரிங் படிக்க வந்துட்டேன்.

அப்புறம் என்ன... வாட்ஸ்அப்தான். 'சாப்ட்டியா?', 'ம்.' 'என்னடி பண்றே?', 'வேலை.' நான் கேன்டீன் போட்டோ, கல்ச்சுரல்ஸ் போட்டோன்னு ஸ்டேட்டஸா போட்டுத் தள்ளுவேன். அவ பார்ப்பா. பார்த்தான்னு மட்டும் தெரியும். ஒரு நாள் தாங்க முடியாம, 'ஏன்டி இப்பல்லாம் வரையறதே இல்லை?'ன்னு கேட்டுட்டேன். ரெண்டு ப்ளூ டிக். அதோட மூணு மாசம் பேச்சில்லை.

அந்த மூணாவது மாசம்தான் இருபது கார்டு. முதல் கார்டுல எங்க ஹாஸ்டல் ஜன்னல்ல வந்து உட்கார்ற பூனையை வரைஞ்சேன். எனக்கு சர்க்யூட் டயகிராமே கோணலாத்தான் வரும். பூனையோட பின்பாதி வர்றதுக்குள்ள கார்டு முடிஞ்சுபோச்சு. ஒரு வார்த்தை எழுதலை. அட்ரஸ் மட்டும் எழுதிப் பெட்டியில போட்டுட்டேன்.

பதினோராவது நாள் பதில் வந்தது. பட்டறையில் வெட்டிப்போட்ட காலண்டர் அட்டையில், கார்டு சைஸுக்கு நறுக்கின துண்டு. அதுல ஒரு பூனையோட பின்பாதியும் வாலும் மட்டும்! மனசுக்குள்ளயே என் கார்டோட சேர்த்து வெச்சுப் பார்த்தேன். கச்சிதமாப் பொருந்துது. ஹாஸ்டல் வராந்தாவுல நின்னு கத்தின கத்தில வார்டன் மேடம் ஓடி வந்துட்டாங்க.

அதுக்கப்புறம் எங்களுக்குள்ள மூணு ரூல். எழுத்து கிடையாது, படம் மட்டும். அனுப்புறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வெச்சுக்கக் கூடாது. 'வந்துச்சா, எப்படி இருக்கு?'ன்னு போன்ல நச்சரிக்கக் கூடாது.

எழுத்து வேண்டாம்னதுக்குக் காரணம் இருக்கு. போஸ்ட்கார்டுல ரகசியமே கிடையாது. போஸ்ட்மேன் அண்ணா, வாட்ச்மேன் தாத்தா எல்லார் கண்ணும் படும். ஆனா, படத்தை எல்லாரும் பார்க்கலாம், அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் புரியும். ஒரு கார்டுல பெரிய கட்டிங் மெஷின், பக்கத்துல ஆள் இல்லாத ஸ்டூல் வந்தது. 'மெஷின் சூப்பரா இருக்கு பாப்பா'ன்னார் வாட்ச்மேன் தாத்தா. அது அவங்க அப்பாவோட ஸ்டூல்னு எனக்குத்தான் தெரியும். என்ன பதில் அனுப்புறதுன்னு ரெண்டு நாள் யோசிச்சு, அந்த ஸ்டூல் மேல நம்ம பூனையை உட்கார வெச்சு அனுப்பினேன். அடுத்த கார்டுல பூனை ஸ்டூல்லயே இருந்தது. கீழே தரையில உட்கார்ந்து நோட்டு தைக்கிறா வாத்து.

நாங்க ஒண்ணும் புதுசாக் கண்டுபிடிக்கலை மக்கா. உலகத்தோட முதல் போஸ்ட்கார்டை 1869 அக்டோபர் 1-ம் தேதி ஆஸ்திரியா-ஹங்கேரியில் வெளியிட்டாங்க. நம்ம ஊருக்கு 1879 ஜூலையில் வந்தது, விலை காலணா. ஆனா, அதுக்கெல்லாம் முன்னாடியே, 1840-ல லண்டன்ல தியோடர் ஹூக்ங்கிற எழுத்தாளருக்கு ஒரு கார்டு வந்திருக்கு. தபால் குமாஸ்தாக்களைக் கிண்டல் பண்ணிக் கையால வரைஞ்ச கார்ட்டூன். அனுப்பினது? அவரேதான்னு சொல்றாங்க! 2002-ல அந்த அட்டை 31,750 பவுண்டுக்கு ஏலம் போச்சு. நம்ம அரசியலமைப்புச் சட்டத்தோட மூலப் பிரதியை ஓவியங்களால அலங்கரிச்ச நந்தலால் போஸும் சாந்திநிகேதன்ல இருந்து மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் கார்டுல படம் வரைஞ்சு அனுப்பினவர்தான்.

ஆசை வந்துடுச்சா? நாங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். ஜெல் பேனா வேண்டவே வேண்டாம். அது தண்ணி மை, ஒரு தூறல் போதும், என் மயில் கோழியாகிடுச்சு. பால்பாயின்ட் எண்ணெய் மை, மழைக்கு அசையாது. கலர் பென்சில் ஓகே. கிரேயான் அடுத்தவங்க கடிதத்துல ஒட்டிக்கும். ஐம்பது பைசா கார்டுல வாட்டர்கலர் அடிச்சா அப்பளம் மாதிரி நெளியும். அட்ரஸ் பக்கம் வலது பாதியை சுத்தமா விட்டுடுங்க. பின்கோடு முக்கியம். முதல் மூணு எண்ணை வெச்சுத்தான் எந்தப் பக்கத்துக் கட்டுல போடணும்னு பிரிப்பாங்க. அவளுக்கு 626, எனக்கு 641. சொந்தமா வெட்டின அட்டைன்னா கவுன்டர்ல காட்டி, எவ்வளவு ஸ்டாம்ப்னு கேட்டுட்டு ஒட்டுங்க.

இதெல்லாம் சரியாப் பண்ணியும் ஒரு கார்டு வரலை.

போன நவம்பர்ல ஒரு ராத்திரி வாத்துகிட்டேருந்து போன். ரூலை அவளே மீறினா. 'அப்பாவை வரைஞ்சேன்டி. வந்துச்சா?'

வரலை. அனுப்பி இருபது நாள் ஆகியிருந்தது. சாதாரண தபால், ட்ராக்கிங் நம்பர் கிடையாது. போட்டோவும் கிடையாது, எங்க ரூல்படி. ஹாஸ்டல் ஆபீஸ் ட்ரேயில இருந்த பேங்க் லெட்டர் அத்தனையையும் கொட்டித் தேடினேன். வாட்ச்மேன் தாத்தா அவர் டிரங்க் பெட்டியைக்கூடத் திறந்து காட்டினார். எங்கே தவறுச்சுன்னு தெரியலை. அப்பா போனப்புறம் அவ முதல்முறையா அவர் முகத்தை வரைஞ்ச கார்டு அது.

மறுநாள் அழுகையை அடக்கிக்கிட்டு அவகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், 'விடு... அதுல மூக்கு சரியா வரலை. இன்னொண்ணு வரையறேன்'னா.

ரெண்டாவது கார்டு டிசம்பர்ல வந்தது. ஸ்டூல்ல அப்பா உட்கார்ந்திருக்கார். மடியில நம்ம பூனை. ஆனா, தபால் சீல் நச்சுன்னு அவர் நெத்தியில விழுந்திருந்தது. படம் பாழாப்போச்சேன்னு பதறிப்போய் போன் பண்ணினேன்.

'நெத்தியிலயா?'ன்னு கேட்டுட்டு வாத்து சிரிச்சா. 'அப்பா தினமும் பொட்டு வெச்சுப்பார்டி. நான்தான் வரைய மறந்துட்டேன்.'

கும்பகோணம் பத்தி அவ இன்னும் எதுவும் சொல்லலை. நானும் கேட்கலை. இன்னிக்குக் காலையில என் இருபதாவது கார்டையும் போட்டாச்சு. சாயங்காலம் தபால் ஆபீஸ் போகணும்... யாராவது பத்து ரூபாய் இருந்தா கொடுங்களேன்!