கொம்பு எங்கே நிற்கிறது?

2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நடந்த சர்வஜன வாக்கெடுப்புக்கு முன்னால் உங்கள் கடிதப்பெட்டிக்கும் ஒரு சின்னப் புத்தகம் வந்திருக்கும். 'ஆம்' என்பதற்கு ஒரு வாதம், 'இல்லை' என்பதற்கு ஒரு வாதம், ஒவ்வொன்றும் 2000 சொற்களுக்குள். வாக்களிக்கும் நாளுக்குக் குறைந்தது 14 நாள் முந்தி அது அனுப்பப்பட வேண்டும் என்பது சட்டம். நாடு முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். எல்லாரும் உள்ளே என்ன எழுதியிருக்கு என்று கதைத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் தாளின் தடிப்பையும் மடிப்பையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் பழக்கம்.

பெரிய விளம்பரங்களுக்கான துண்டுப்பிரசுரம், சுவரொட்டி, தபாலில் போகும் கடிதம் எல்லாவற்றையும் அச்சிட்டு, உரிய நாளில் உரிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை. இந்த வேலையில் நாங்கள் நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுவோம். வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டிய நாள், அதற்கு முன் தபாலில் ஒப்படைக்கும் நாள், அதற்கு முன் வெட்டி மடிக்கும் நாள், அதற்கும் முன் அச்சடிக்கும் நாள். இதெல்லாம் போக மிஞ்சுகிற நேரத்தில்தான் பிழை பார்ப்பது. முன்னால் யார் பிந்தினாலும் வெட்டு விழுவது இந்த நேரத்தில்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வேலை வந்தது. வயதானவர்களுக்கான மருத்துவப் பரிசோதனை பற்றிய துண்டுப்பிரசுரம், எட்டு மொழிகளில். அதில் தமிழும் ஒன்று. தமிழாக்கத்தை நாட்டி சான்றிதழ் பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் செய்திருந்தார். பிழையில்லாத தமிழ். வடிவமைப்பு முடிந்து கடைசிப் படி வந்தபோது, "நீ தமிழ்தானே, பார்த்து ஓகே பண்ணிவிடு" என்றார்கள்.

நான் இங்கே பிறந்தவன். வீட்டில் தமிழ் கதைப்பேன். வாசிப்பது அப்போது எழுத்துக் கூட்டித்தான். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. தலைப்பும் தொலைபேசி எண்ணும் சரியா என்று பார்த்தேன். மிச்சமெல்லாம் தமிழ் போலத்தான் தெரிந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அச்சாகி வந்ததில் ஒன்றை அம்மாவுக்குக் காட்டலாம் என்று பெருமையாக வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கண்ணாடியைப் போட்டு இரண்டு வரி பார்த்தா.

"என்ன தம்பி இது? கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால நிக்குது. இதை ஆர் பார்த்தது?"

"நான்தான் அம்மா."

அம்மா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்து மேசையில் வைத்தா.

நடந்தது இதுதான். 'பெ' என்று நாம் எழுதும்போது கொம்பு முதலில், 'ப' பிறகு. கம்ப்யூட்டர் சேமிப்பது மறுவளமாக, 'ப' முதலில், கொம்பு பிறகு. அதைச் சரியான இடத்துக்குத் தள்ளி வைப்பது மென்பொருளின் வேலை. வடிவமைப்பாளர்கள் பாவிக்கும் இன்டிசைனில் தமிழ் போன்ற எழுத்துகளுக்கென்று தனி அமைப்பு ஒன்று உண்டு. அதைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பு நகராது. 'கொ', 'போ' எல்லாம் உடைந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் அனுப்பிய கோப்பில் பிழையே இல்லை. வடிவமைப்புக்குப் பிறகு அதை அவரிடம் யாரும் திருப்பிக் காட்டவில்லை, அவ்வளவுதான். நாங்கள் செலவு மிச்சம் பிடித்தது அந்த ஒரு பார்வையில்.

அடுத்த நாள் காலை மேலாளரிடம் போய், எனக்குத் தமிழ் சரியாக வாசிக்கத் தெரியாது என்று முதல்தடவையாகச் சொன்னேன். அடித்ததெல்லாம் கழிவுத்தாளுக்குப் போனது. நான்கு நிறத்துக்கும் தகடு திரும்பச் செய்யவேண்டி வந்தது. மற்ற ஏழு மொழிகளும் நேரத்துக்குப் போயின. தமிழ் மட்டும் பிந்தியது. அந்தப் பரிசோதனை நாள் முடிந்த பிறகுதான் அது எங்கள் ஆட்களின் கடிதப்பெட்டிக்குள் விழுந்தது. காசுக் கணக்கு மறந்துவிட்டது. இது மட்டும் மறக்கவில்லை.

இது தமிழுக்கு மட்டும் வருகிற வில்லங்கமும் இல்லை. 2020ல் கோவிட் நேரம் இங்கே அரசாங்க அறிவிப்பொன்றில் அரபும் ஃபார்சியும் கலந்து வந்து பெரிய செய்தியானது. வாசிக்கத் தெரியாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது என் வேலையில் ஒரு விதி வைத்திருக்கிறேன். வடிவமைப்பு முடிந்த பிடிஎஃப், அந்த மொழியை வாசிக்கிற ஒருவரிடம் திரும்பப் போகாமல் தகடு செய்வதில்லை. அதற்கு இரண்டு நாளை முதலிலேயே ஒதுக்கிவிடுவேன். சனிக்கிழமைகளில் மகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு, காரில் இருந்து அவளுடைய பழைய பாடப்புத்தகத்தை வாசிக்கிறேன். "கதைக்கத் தெரிந்தால் போதும்தானே அப்பா" என்று அவள் கேட்டால், அந்தத் துண்டுப்பிரசுரத்தைக் காட்டுவேன். ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.

2021 குடிசன மதிப்பீட்டின்படி ஆஸ்திரேலியாவில் 95,000 பேருக்கு மேல் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு தமிழ் அச்சாகிறது. அடுத்தமுறை கிளினிக்கிலோ கவுன்சிலிலோ ஒரு தமிழ்த் தாள் கிடைத்தால், குப்பைக்குள் போடாமல் பிள்ளையிடம் கொடுத்து ஒரு பந்தி வாசிக்கச் சொல்லுங்கள். கொம்பு இடம் மாறி நின்றால் பின்பக்கத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் போனை எடுப்பவருக்கு அது பிழை என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.