கருவுற்ற தாய்க்குக் கடலை பகையா?

மயிலையிலும் தியாகராயர் நகரிலும் அடையாற்றிலும் படித்த குடும்பத்துப் பெண்கள் சிலரிடையே ஒரு புதிய நோன்பு புகுந்துள்ளது. கருவுற்றதும் நிலக்கடலையை நிறுத்துகின்றனர். முட்டையையும் மீனையும் ஒதுக்குகின்றனர். பாலையுங்கூட விட்டுவிடுவார் உளர். பப்பாளியும் எள்ளும் சூடு என்று பாட்டி விலக்கியதைக் கண்டு நகைத்தவர்களே, பிறக்கும் பிள்ளைக்கு ஒவ்வாமை வந்துவிடும் என்று சொல்லி இவற்றை விலக்குகின்றனர். குருட்டு நம்பிக்கை ஆங்கிலச் சட்டை அணிந்து வந்தால் அறிவியல் ஆகிவிடுமோ?

இவ்வச்சம் எங்கிருந்து வந்தது? ஒவ்வாமையோ ஈளையோ கரப்பானோ உள்ள குடும்பத்துத் தாய்மார், கருவுற்ற காலத்தும் பாலூட்டும் காலத்தும் நிலக்கடலையைத் தவிர்க்கலாம் என்று 1998-இல் இங்கிலாந்து அரசு அறிவுரை கூறிற்று. 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் ஏறத்தாழ அவ்வழியே சென்றது. ஆயினும் அந்நாடுகளில் கடலை ஒவ்வாமை குறையவில்லை, பெருகிற்று. தவிர்ப்பதால் பயன் உண்டென்பதற்குச் சான்றில்லை என்று கண்டு, 2008-இல் அமெரிக்கக் கழகமும் 2009-இல் இங்கிலாந்தும் தம் அறிவுரையை மாற்றிக்கொண்டன. சொன்னவர்கள் கைவிட்டனர், கேட்டவர்கள் இங்கே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றனர்!

பின்னர் நடந்தது இன்னும் வியப்புக்குரியது. இலண்டனில் மருத்துவப் பேராசிரியர் கிதியோன் இலாக் என்பாரின் குழுவினர், கடுங்கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உடைய 640 குழந்தைகளை 4 முதல் 11 திங்கள் அகவையில் தேர்ந்தெடுத்தனர். ஒரு பாதியினர்க்குக் கடலையுணவு ஊட்டினர். மறு பாதியினர்க்கு அதை விலக்கினர். ஐந்தாம் அகவையில், விலக்கியவருள் 17.2 விழுக்காட்டினர்க்குக் கடலை ஒவ்வாமை, உண்டவருள் 3.2 விழுக்காட்டினர்க்கே. இம்முடிவு 2015-இல் வெளிவந்தது. கரப்பானால் வெடித்த தோல்வழியே புகும் உணவுத் துகளை உடல் பகையெனக் கொள்கின்றது. உரிய காலத்தில் குடல்வழியே வருவதை உறவெனக் கொள்கின்றது என்பது ஆய்வாளர் தரும் விளக்கம். (முழுக் கடலையைக் குழந்தை வாயில் இடுதல் கூடாது, மூச்சுக்குழலை அடைக்கும். நன்கு அரைத்துக் குழைத்தே ஊட்டல் வேண்டும். கடுங்கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.)

எனவே தாய் பட்டினி கிடப்பதால் பிள்ளைக்குக் காப்பு ஒன்றுமில்லை. தாய்க்கு இழப்போ பெரிது. குருதிக் குறைவு மலிந்த நாட்டில் முட்டையையும் மீனையும் பயற்றையும் கடலையையும் பறித்துக்கொண்டு, எதைக் கொடுத்து அவளைத் தேற்றுவது? முத்துலட்சுமி அம்மையார் பெயரால் தமிழக அரசு வழங்கும் மகப்பேற்று உதவியில் பணத்தோடு ஊட்டமாவும் பேரீச்சையும் நெய்யும் இரும்பு மருந்தும் சேர்க்கப்பட்டமை, அவள் உண்ணவேண்டும் என்பதற்காகவே. தென்மார்க்கு நாட்டில், கருவுற்ற 24-ஆம் கிழமை முதல் மீனெண்ணெய் உட்கொண்ட தாய்மாரின் பிள்ளைகளிடம் ஈளைநோய் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2016-இல் கண்டனர். மயிலைக்கு அருகில் நொச்சிக்குப்பத்துக் கரையில் நெத்திலியும் மத்தியும் வந்து இறங்க, மீனுண்ணும் குடும்பத்தினள் அதை ஏன் அஞ்சவேண்டும்? தாய்க்கே ஒவ்வாத உணவாயின் அதை அவள் விலக்கட்டும். அஃது வேறு.

மெய்யாகவே ஒவ்வாமை உற்ற பிள்ளைகளும் உளர். அவர்க்கு விழிப்பே உயிர்க்காப்பு. பால், முட்டை, மீன், கடலை முதலியன கலந்திருப்பின் பொதியின்மேல் பொறித்தாக வேண்டும் என்று நடுவணரசின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை ஆணையிடுகின்றது. நன்று! எம்மொழியில்? ஆங்கிலத்தில், அன்றேல் தேவநாகரி இந்தியில்! தமிழைச் சேர்ப்பதும் விடுவதும் விற்பவன் விருப்பமாம். தியாகராயர் நகர்க் கடையில் தின்பண்டப் பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் தமிழ்த்தாய் தன் பிள்ளைக்கு நஞ்சாவது எது என்று எப்படி அறிவாள்? தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு பொதியிலும் அவ்வெச்சரிக்கை தமிழில் இருத்தல் வேண்டும். கருவுற்றோர் உண்ணத் தக்கவற்றை மகப்பேற்று மருத்துவமனைகள் தமிழிலேயே எழுதித் தருதல் வேண்டும்.