துறைமுகக் கிடங்குகளில் தேங்கும் சரக்கு: 30 நாள் விதியும் நடைமுறையும்

புதுதில்லி: கப்பலில் இருந்து இறக்கப்படும் இறக்குமதிச் சரக்கை 30 நாள்களுக்குள் விடுவித்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு. தவறினால், இறக்குமதியாளருக்கு அறிவிக்கை அளித்து, சுங்க அதிகாரியின் அனுமதியுடன், சரக்கின் பொறுப்பாளர் அதை விற்கலாம். விலங்குகளையும் அழுகும் பொருள்களையும் விற்க இந்தக் காத்திருப்பு தேவையில்லை. காவலில் உள்ள சரக்கு களவுபோனால், 45-ஆவது பிரிவின்படி, அதற்கான தீர்வையைப் பொறுப்பாளரே செலுத்த வேண்டும்.

ஆனால், பறிமுதல் செய்யப்பட்டு, விசாரணையில் உள்ள சரக்குக்கு இந்த 30 நாள் கணக்கு உதவுவதில்லை. சென்னையை அடுத்த மணலியில் உள்ள சரக்குப் பெட்டக நிலையத்தில், 2015-இல் பறிமுதலான சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட் ஐந்து ஆண்டுகள் தேங்கிக் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து, 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரே, மின்னணு ஏலத்தில் விற்கப்பட்ட எஞ்சிய 697 டன், மணலியில் இருந்து ஹைதராபாத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. நாடு முழுவதும் கிடங்குகளில் உள்ள அபாயகரமான பொருள்களை 48 மணி நேரத்துக்குள் சரிபார்க்குமாறு மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் உத்தரவிட்டதும் அப்போதுதான்.

அறிவிக்கை செய்யப்பட்ட அபாயகரமான பொருள்களைப் பறிமுதல் செய்தவுடன், வழக்கு முடியும்வரை காத்திராமல் அப்புறப்படுத்த 110(1ஏ) பிரிவு ஏற்கெனவே வழிவகுக்கிறது. எனவே, இப்போதைய தேவை புதிய சட்டமல்ல. கிடங்கில் உள்ள ஒவ்வொரு சரக்கும் எத்தனை நாளாக, எந்தக் காரணத்தால் தேங்கியுள்ளது என்பதற்கான தொடர் கண்காணிப்பே.