வந்துட்டனுங்க!



'விடு' என்ற துணைவினை சேர்ந்தால் செயல் முற்றிவிட்டது என்று பொருளாம். மொழியியலார் இதற்கு வினைநோக்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நேற்று குழாய் ரிப்பேருக்கு ஆளைக் கூப்பிட்டேன். "வந்துட்டனுங்க சார்" என்றார். போனில் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு சத்தம். நான் இருப்பது வடவள்ளியில். செயல் முற்றி இரண்டரை மணி நேரம் கழித்து ஆள் வந்தார்!

தொல்காப்பியர் காலம் மூன்று என்று முடித்துக்கொண்டார். இ. அண்ணாமலை 1985இல் இந்தத் துணைவினைகளுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். 1999இல் பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதிய ஹெரால்டு ஷிஃப்மன், இவற்றில் பேசுகிறவர் மனநிலையும் கலந்திருக்கிறது என்கிறார். அது மெய்தான். 'பூனை பாலைக் குடித்துவிட்டது' என்றால் செய்தி. 'குடிச்சுத் தொலைச்சிருச்சு' என்றால் எங்க வீட்டம்மா.

சிரிப்பு இருக்கட்டும். முப்பது வருஷத்துக்கு மேல் முக்காலம் மட்டும் நடத்தினேன். ஒரு பையன் கட்டுரையில், 'அப்பா களத்தில் காயப்போட்ட மஞ்சள் நனஞ்சு போச்சு' என்று எழுதினான். சிவப்பு மையில் சுழித்து, 'நனைந்தது' என்று திருத்தி, அரை மதிப்பெண் குறைத்தேன். துணிகூடத்தான் நனைகிறது, பிறகு காய்கிறது. அவனுடைய 'போச்சு'க்குள் அந்த வருஷத்து வருமானமே இருந்தது. எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

இதைப் படித்தால் நேரில் வா கண்ணு. அந்த அரை மதிப்பெண்ணைத் தந்துட்டேன் என்றே வைத்துக்கொள்.